தோட்டத்து லைனில் அம்மாவோடு காணொளி அழைப்பு

அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். போன வருடம் வலது குதிகாலில் வந்த புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. அவர் இருப்பது சுங்கை பட்டாணிக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். நான் கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடியின் 11-ஆவது மாடியில். தினமும் இரவு கட்டுப் பிரிக்கிற நேரத்தில் கைப்பேசியில் கூப்பிட்டுக் காலைக் காட்டுவார். முதல் நாள் கைலியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இத வேற யாரும் பாக்க மாட்டாங்கள்ல?" அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் மோசமான இணைய லைனில் இருந்தால், நான் செய்ததைச் செய்து பாருங்கள்.

இரண்டு கைப்பேசியிலும் சிக்னல் செயலியைப் போட்டேன். அழைப்பு இங்கே பூட்டப்பட்டு அங்கேதான் திறக்கும். நடுவில் நிற்கும் சர்வருக்குச் சாவி கிடையாது. புலனத்திலும் (வாட்ஸ்அப்) இதே பூட்டுதான், சிக்னல்காரர்கள் எழுதிய நெறிமுறைதான் அங்கேயும் ஓடுகிறது. ஆனால் சிக்னலின் மூலநிரல் பொதுவில் கிடக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் பிரித்துச் சோதிக்கலாம். "யாரும் பாக்க முடியாதும்மா" என்று சொல்ல எனக்கு அந்தத் தைரியம் தேவைப்பட்டது. இப்படிப் பூட்டுவதைத்தான் குறியாக்கம் என்கிறார்கள்; அதனால் லைன் இழுக்கும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை, அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சில பைட்டுகள்தான் கூடும்.

லைனைத் தின்பது படம். கோடெக் என்பது ஒலியையோ படத்தையோ சுருக்கி அனுப்பும் முறை. சிக்னல் குரலுக்குப் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக், 2012-இல் தரநிலையானது, விநாடிக்கு 6 கிலோபிட்டில்கூடப் பேச்சைக் கொண்டுபோகும். 30 கிலோபிட் கிடைத்தால் குரல் தெளிவாகவே இருக்கும். சுமாரான காணொளிக்கே சில நூறு கிலோபிட் வேண்டும். 600 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் படம் அனுப்பினால், ஒரு பக்கத்துக்கு மட்டும் 270 மெகாபைட். ஆகவே குரலைக் காப்பாற்றுங்கள், படத்தை விட்டுக்கொடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் யார் லைன் மோசம் என்று கண்டுபிடியுங்கள். மூன்று வாரம் படம் உறைந்து உறைந்து நின்றது. தோட்டத்து லைனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு செந்தூலில்! இரவு எட்டு மணிக்கு வைஃபையில் சேர்ந்ததும் என் மகனின் கைப்பேசி அன்றைய படங்களையெல்லாம் மேலே ஏற்ற ஆரம்பித்துவிடும். ரௌட்டரில் வரிசை நீண்டு, என் குரல் அதன் வாலில் நிற்கும். வேகச் சோதனையை நீங்கள் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரத்திலேயே, இரண்டு பக்கமும் செய்யுங்கள். எல்லோரும் டவுன்லோடைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் அப்லோடையும் பிங்கையும் பாருங்கள். பிங் என்பது போய்வரும் நேரம். அது 300 மில்லிசெகண்டைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்துவீர்கள். சோதனைக்குச் சோதனை எண் தாறுமாறாக மாறினால் அது இன்னும் கெட்டது.

அம்மா வீட்டுக்குத் தகரக் கூரை. உலோகம் அலையைத் தடுக்கும். நடுக்கூடத்தில் ஒரு கோடு, அடுப்படி ஜன்னலோரம் மூன்று கோடு. 2021 இறுதியில் இங்கே 3ஜி-யை மூடிவிட்டார்கள்; 4ஜி பிடிக்காத மூலையில் கைப்பேசி 2ஜி-க்கு இறங்கிவிடும், அதில் காணொளி நடக்காது. அதனால் அடுப்படி ஜன்னல் திட்டில் ஒரு மைலோ டின்னை வைத்து, கைப்பேசியை அதில் சாய்த்து, அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு வந்தேன். கையில் பிடித்தால் படம் ஆடும். ஆடுகிற படத்துக்கு அதிக டேட்டா. அதே காரணத்துக்காகத்தான் பின்னால் காற்றாடி சுற்றக் கூடாது. இருட்டும் ஆகாது. மங்கலான வெளிச்சத்தில் கேமரா புள்ளி புள்ளியாக எடுக்கும். அந்தப் புள்ளிகள் நொடிக்கு நொடி மாறுவதால் கோடெக்கால் நன்றாகச் சுருக்க முடியாது. பத்து வெள்ளிக்கு ஒரு மேசை விளக்கு வாங்கிக் கால் பக்கம் திருப்பிவைத்தேன். காசு அதிகம் போட்டு மாற்றிய வைஃபை திட்டத்தைவிட அதுதான் கைகொடுத்தது.

செயலிக்குள் இரண்டு இடத்தைத் தொட்டால் போதும். செட்டிங்ஸில் டேட்டா பகுதிக்குப் போய், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்பதை வைஃபை, மொபைல் டேட்டா இரண்டுக்கும் போட்டுவிடுங்கள். பிறகு பிரைவசி பகுதியில், எல்லா அழைப்பையும் சிக்னல் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஐபி முகவரியை எதிராளியிடம் மறைக்க அது உதவும், ஆனால் அழைப்பின் தரம் குறையும். அம்மாவிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

தம்பியும் சேரும் நாளில் சிக்னலிலேயே குழு அழைப்பு. அதற்கும் அதே பூட்டு. செயலி போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் சித்திக்கு மட்டும் ஜிட்சி மீட். அதுவும் திறமூலம்தான், லிங்க்கைத் தட்டினால் பிரௌசரிலேயே திறக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஜிட்சியில் இருவர் பேசினால் நேரடியாகப் போகும், மூன்றாவது ஆள் வந்ததும் சர்வர் வழியாகப் போகும், அங்கே பூட்டு ஒருமுறை திறந்து மூடும். முனைக்கு முனை குறியாக்கத்தை நீங்களே தனியாக இயக்க வேண்டும், எல்லோருடைய பிரௌசரும் அதற்கு ஒத்துழைக்கவும் வேண்டும். அதனால் சித்தி இருக்கும்போது கால் கட்டைப் பிரிப்பதில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, சிக்னலில் அம்மா பெயருக்குள் இருக்கும், பூட்டு எங்கள் இருவருக்கும் இடையில்தான் என்று காட்டும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணைத் திறந்து, அவர் திரையை என் கேமராவால் ஸ்கேன் செய்து சரிபார்த்தேன். நேரில் ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். கைப்பேசி மாற்றினால் எண்ணும் மாறக்கூடும், மாறினால் திரும்பவும் பார்க்க வேண்டும்.

அழைப்பில் குரல் அறுபடத் தொடங்கினால் துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிடாதீர்கள். இருவருமே கேமராவை அணையுங்கள். சில விநாடியில் குரல் தேறிவிடும். புண்ணின் நிறம் பார்க்க எப்படியும் காணொளி போதாது, ஓரம் கறுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. அம்மா மைலோ டின்னிலிருந்து கைப்பேசியை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் பிடித்து, உயர் தரத்தில் அதே சிக்னலில் அனுப்புவார். வந்து சேர அரை நிமிடம் ஆகும். அதுவரை மிஸ்ஸி (தாதி) என்ன சொன்னார், மருந்து போட்டாரா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். படம் வந்ததும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன்.