செல்லப்பிராணியை போர்டிங்கில் விடும்போது நாம் செய்யும் தவறுகள்

பயணச்சீட்டு இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்தாகிவிடும். தங்கும் அறை, போய்வர வண்டி என்று எல்லாம் ஒவ்வொன்றாக முடியும். வீட்டு நாயை எங்கே விடுவது என்ற கேள்வி மட்டும் பெட்டி கட்டுகிற வாரத்தில்தான் எழுந்து நிற்கும். பிராணிகளைக் கட்டணத்துக்குத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் நாலு போர்டிங் விடுதிகளுக்கு அவசர அவசரமாகப் போன் செய்து, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே விட்டுவிட்டுக் கிளம்புவோம். நானும் அப்படிச் செய்தவன்தான். திரும்பி வந்து பார்க்கும்போது நாய் இருமினாலோ இளைத்திருந்தாலோ விடுதிக்காரரைத் திட்டத் தோன்றும். சில சமயம் அவர் திட்டு வாங்க வேண்டியவர்தான். ஆனால் பெரும்பாலான தவறுகள் நாம் அந்த வாசலை மிதிக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். தடுப்பூசிக்கும் வயிற்றுக்கும் பயத்துக்கும் தனித்தனி நாள்கணக்கு உண்டு. நம் பயணத் தேதி அவற்றுக்குத் தெரியாது.

முதலில் தடுப்பூசி. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்கிற பலரிடம் ரேபிஸ் (வெறிநோய்), டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் போன்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் அட்டையில் ஒழுங்காக இருக்கும். கென்னல் காஃப் என்று சொல்லப்படும் தொற்று இருமலுக்கான தடுப்பு மருந்து இருக்காது. வீட்டைவிட்டு அதிகம் போகாத நாய்க்கு அதன் தேவையும் குறைவு என்பதால் யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். போர்டிங் என்றதும் கதை மாறிவிடுகிறது. இந்த இருமல் ஒரே கிருமியின் வேலை இல்லை. போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் பாராஇன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களும் தனியாகவோ கூட்டாகவோ இதைக் கொண்டுவருகின்றன. ஒரே கூரையின் கீழ் பத்து நாய் மூச்சுவிடும் இடம் இவற்றுக்கு மிகவும் வசதி. மூக்கில் விடும் மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும். ஊசியாகப் போடும் வகை என்றால், முதல் முறை போடும் நாய்க்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். அதாவது கிளம்புகிற நாள் காலையில் மருத்துவரிடம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் அட்டையில் முத்திரை விழும், உடம்பில் பாதுகாப்பு இருக்காது. எலிக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் முதல் முறை இரண்டு தவணைதான். பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

குட்டி நாய் என்றால் இன்னும் கவனம் தேவை. குட்டிகளுக்கான ஊசித் தொடர் பதினாறு வாரம் வரையோ அதற்குச் சற்று மேலோ போகும். அது முடியாமல் விடுதியில் விடாதீர்கள். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணமாகத் தரை துடைக்கிற பல திரவங்கள் அதை ஒன்றும் செய்யாது.

அடுத்த தவறு, இடத்தைப் போட்டோவில் மட்டும் பார்ப்பது. பச்சைப் புல், சிரிக்கிற நாய், நீச்சல் குளம் எல்லாம் போட்டோவில் இருக்கும். நாய் ராத்திரி படுக்கிற இடம் இருக்காது. நேரில் போங்கள், உள்ளே அழைத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். சில நல்ல விடுதிகள் தொற்று பயத்தால் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் காட்டுவார்கள், அது நியாயம். எப்போது கேட்டாலும் வரவேற்பறையைத் தாண்ட விடாத இடத்தை விட்டுவிடுங்கள். உள்ளே போனதும் மூக்கு முதலில் வேலை செய்யட்டும். சிறுநீர் நெடி கண்ணை எரித்தால் காற்றோட்டம் இல்லை என்று பொருள். அதற்கு நேர்மாறாக வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தாலும் அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதை வைத்துக் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். ப்ளீச்சிங் கரைசல் என்று பதில் வந்தால் பார்வோ விஷயம் தெரிந்தவர்கள். அங்கே பூனைகளையும் வைத்திருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஃபீனால் கலந்த கிருமிநாசினியையா பயன்படுத்துகிறீர்கள்? அது பூனைக்கு நஞ்சு.

கேட்க வேண்டியவற்றில் எல்லாரும் மறப்பது ஒன்று இருக்கிறது. ராத்திரி இங்கே யார் இருப்பார்கள்? பகலில் ஐந்து பேர் ஓடியாடிப் பார்த்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற விடுதிகள் இருக்கின்றன. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பதற்றமும் அவசரமாக விழுங்கும் தீனியும் அதைத் தூண்டக்கூடும். அது வந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும். காலையில் கதவைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு அதற்கு உதவாது. அப்புறம், நாய்களைக் கூட்டமாக விளையாட விடுவார்களா, பெரியதையும் சிறியதையும் ஒன்றாகவா, பக்கத்தில் ஆள் நிற்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு இருக்கிறதா என்பதைக் கேட்க வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே கதவு என்றால், யாரோ உள்ளே வரும் நொடியில் ஒரு நாய் வெளியே போய்விடும்.

நாய்க்கு முதல் போர்டிங் அனுபவமே பத்து நாளாக இருக்கக் கூடாது. ஒரு நாள் பகலில் மூன்று மணி நேரம், பிறகொரு நாள் ஒரே ஒரு இரவு என்று முன்கூட்டியே விட்டுப் பழக்குங்கள். அந்த ஓரிரவில் அது சாப்பிட்டதா, குரைத்துக்கொண்டே இருந்ததா, கதவைப் பிறாண்டியதா என்பது தெரிந்துவிடும். சரிப்படாது என்று தெரிந்தால் வேறு வழி தேடவும் நாள் மிச்சம் இருக்கும். இதற்குச் செலவாகும் ஒரு இரவுக் கட்டணத்தை வீண் என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்கு நடந்தது. எங்கள் நாய்க்குச் சின்ன வயதிலேயே ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தோம். தட்டை வைத்ததும் பாயாமல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். "ம்ம், சாப்பிடு" என்றால்தான் வாயை வைக்கும். விருந்தாளிகள் முன்னால் பெருமையாகக் காட்டுவோம். அதை ஒரு விடுதியில் விட்டுவிட்டுப் போன இரண்டாம் நாள், சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று போன் வந்தது. ஏக்கம், இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். மூன்றாம் நாள் வீடியோவில் பார்த்தபோது தட்டுக்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்து, எச்சில் ஒழுக, பார்த்துக்கொண்டே இருந்தது. போனிலேயே "சாப்பிடு" என்றேன். தட்டு காலி.

நமக்குப் பழகிப்போனதால் சொல்லவே தோன்றாத இந்த மாதிரி விஷயங்கள்தான் விடுதிக்காரருக்குத் தேவை. நாங்கள் கொடுத்த தாளில் நாயின் எடை, இனம், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. எந்தச் சொல்லுக்கு அது சாப்பிடும் என்பது இல்லை. இப்போதெல்லாம் ஒரு முழு நாள் அதன் பின்னாலேயே மனத்தால் நடந்து எழுதுகிறேன்: எழுந்ததும் எங்கே போகும், எந்தத் தரையில் சிறுநீர் கழிக்கும் (சில நாய்களுக்குப் புல்தான் வேண்டும், சிமென்டில் அடக்கிக்கொண்டு நிற்கும்), எந்தச் சத்தத்துக்கு நடுங்கும், எந்தக் காதைத் தொட்டால் உறுமும்.

உறுமுவதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. தங்கள் நாய் கடிக்கும் என்பதைச் சிலர் மறைத்துவிடுவார்கள். சொன்னால் இடம் தர மாட்டார்களோ என்ற பயம். தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் கடிக்கும் என்று தெரிந்திருந்தால் பணியாளர் கையைக் கொண்டுபோக மாட்டார், அவ்வளவுதான். தெரியாமல் கடி வாங்கினால் அவர் மருத்துவமனைக்கு அலைய வேண்டும், நாயும் மிச்ச நாள் தனிக் கூண்டில் கிடக்கும். மதில் தாண்டும் பழக்கம், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும் சாமர்த்தியம் இதையும் சொல்லிவிடுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதத்தையும் எழுதுங்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அது, உங்கள் பயண நாட்களில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டில் பொதுவாக நடப்பது, "அங்கே கொடுப்பதையே சாப்பிடட்டும்" என்று விட்டுவிடுவது. நாயின் குடல் புதிய தீனிக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். புது இடத்தின் பதற்றமே வயிற்றைக் கலக்கப் போதும். அதோடு புதுத் தீனியும் சேர்ந்தால் பேதி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கொடுக்கிற உணவையே வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, இரண்டு நாளுக்குக் கூடுதலாகவும் வைத்துக் கொடுங்கள். பயணம் தள்ளிப்போவது நடக்கிற காரியம்தான்.

மருந்து சாப்பிடும் பிராணிக்கு வாய்ச்சொல் உதவாது, எழுத்தில் கொடுங்கள். மருந்து அதன் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிடால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்பி வரும், எனவே ஒருவேளை மறந்தால் என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். இன்சுலின் விஷயம் இதைவிடக் கூர்மையானது. பிராணிகளுக்கான இன்சுலின் பலவும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வலிமை. மனிதருக்கான வழக்கமான இன்சுலின் 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப வேறு வேறு. 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் ஏற்றினால் கோடு சரியாக இருக்கும், உள்ளே போகிற அளவு பாதிக்கும் கீழே. மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு, அது உயிருக்கே ஆபத்து. ஆகவே சிரிஞ்சையும் நீங்களே எண்ணிக் கொடுங்கள். சாப்பிடாமல் இருக்கும் வேளையில் இன்சுலின் போடலாமா, எவ்வளவு என்பதும் தாளில் இருக்க வேண்டும். போர்டிங்கில் பிராணிகள் சாப்பிடாமல் அடம்பிடிப்பது சகஜம் என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய்க் கேள்வி இல்லை.

நீங்கள் விமானத்தில் இருக்கும்போது ஏதாவது ஆனால் முடிவெடுப்பது யார்? எவ்வளவு செலவு வரை உங்களைக் கேட்காமல் சிகிச்சை செய்யலாம், எந்த மருத்துவரிடம் போக வேண்டும், உங்களை எட்ட முடியாவிட்டால் யாருடைய சம்மதம் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஊரிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால், அதன் எண்ணோடு பதிவேட்டில் இருப்பது பழைய கைப்பேசி எண்ணா என்று பாருங்கள்.

ஒப்படைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாய் தப்பி ஓடுவது நடக்கும். புது இடம், வேற்று நாய்களின் வாடை, பின்னோக்கி ஒரு இழுப்பு, காலர் தலை வழியாகக் கழன்றுவிடும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். அன்றைக்கு மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் இன்னும் நல்லது. வீட்டில் நாம் உடுத்திய, துவைக்காத ஒரு பழைய துணியைப் படுக்கையோடு வைத்துவிட்டு, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகருங்கள். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுவதெல்லாம் நாய்க்கு ஆறுதல் தராது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்றுதான் அதற்குப் படும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு என் முதல் யோசனை, முடிந்தால் போர்டிங்கே வேண்டாம் என்பது. நாய் ஆளோடு ஒட்டியது. பூனை இடத்தோடும் ஒட்டியது. தெரிந்தவர் ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்து தீனி வைத்து, அது மலம் கழிக்கும் மண் தட்டைச் சுத்தம் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் பல பூனைகளுக்கு அதுவே நிம்மதி. விடுதிதான் என்றால், நாய்கள் கண்ணிலும் காதிலும் படாத தனிப்பகுதி உள்ள இடமாகப் பாருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். பூனை சாப்பிடாமல் கிடப்பதை ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. குறிப்பாகக் குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று முன்பே பேசிவையுங்கள். முயலுக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடையாது. அரை நாள் தின்னாமல் இருந்தாலே அதற்கு அவசர சிகிச்சைதான்.

திரும்பி வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. வந்த முதல் நாள் நாய் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். கோபம் என்று சிலர் வருந்துவார்கள். விடுதியின் குரைப்பில் சரியாகத் தூங்காத தூக்கம் அது. உற்சாகத்தில் தண்ணீரை மடமடவென்று குடித்து வாந்தியெடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கென்னல் காஃப் தொற்றிய பிறகு வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். தொண்டையில் எலும்பு சிக்கியது போன்ற வறட்டு இருமல் வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு நண்பர் வீட்டுக் குட்டியோடு விளையாட அழைத்துப்போக வேண்டாம். பூனைக்குத் தும்மலும் கண்ணீரும் வந்தால், பழைய ஹெர்பிஸ் வைரஸ் பதற்றத்தில் மறுபடி தலைதூக்கியிருக்கலாம். அதுவும் உடனே தெரியாது, ஒரு வாரம் கழித்துக்கூட வரும்.

வீட்டில் இரண்டு பூனை இருந்து ஒன்று மட்டும் வெளியே தங்கிவிட்டு வந்திருந்தால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்துச் சீறும். வாடை மாறியதால் அதற்கு இது யாரோ வேற்றுப் பூனை. வந்ததைத் தனி அறையில் வைத்து, ஒரே துண்டால் இரண்டையும் மாறி மாறித் துடைத்துவிட்டு, மறுநாள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள்.