ஆரக்கிள் க்யூவில் மெசேஜ் 'வெயிட்'டிலேயே நிற்கிறதா?

ஆரக்கிள் டேட்டாபேஸுக்குள்ளேயே மெசேஜ்களை வரிசையில் (க்யூ) வைத்து எடுக்கும் வசதிதான் அட்வான்ஸ்டு க்யூயிங், சுருக்கமாக ஏக்யூ. அதில் மெசேஜைப் போடுவதும் (என்க்யூ) எடுப்பதும் (டீக்யூ) உங்கள் செஷனின், அதாவது டேட்டாபேஸ் இணைப்பின், வேலை. கடிகாரம் பார்க்கும் வேலை பின்னணி ப்ராசஸ்களுடையது. தாமதம் வைத்துப் போட்டு 'வெயிட்' நிலையில் இருக்கும் மெசேஜை நேரம் வந்ததும் 'ரெடி' ஆக்குவது, காலாவதியானதை எக்ஸெப்ஷன் க்யூவுக்கு (எடுக்கப்படாதவை ஒதுங்கும் தனி வரிசை) தள்ளுவது, எடுத்த பிறகும் வைத்திருக்கும் காலம் (ரிட்டென்ஷன்) முடிந்ததை அழிப்பது எல்லாம் அவைதான். அவை நின்றுபோனாலும் தாமதமில்லாத மெசேஜ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பழுது கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

படி 1: லினக்ஸில் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையைப் போட்டு, அந்தப் பின்னணி ப்ராசஸ்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஆரக்கிள் 10ஜி, 11ஜி பதிப்புகளில் ஒருங்கிணைப்பது க்யூஎம்என்சி, 12சி முதல் ஏக்யூபிசி. அதன் கீழ் வேலை செய்பவை க்யூ000, க்யூ001 என்று வரும்.

படி 2: நேரம் பார்க்கும் ப்ராசஸ்கள் எத்தனை என்று சொல்லும் 'ஏக்யூ_டிஎம்_ப்ராசஸஸ்' பாராமீட்டர். பலர் வழுக்கி விழும் இடம் இது. யாரும் தொடாதபோதும் பூஜ்யம் காட்டலாம். அப்போது ஆரக்கிளே தேவைக்கேற்ப ப்ராசஸ்களைக் கூட்டிக் குறைக்கும். யாராவது கைப்பட பூஜ்யம் வைத்திருந்தால் நேரக் கண்காணிப்பே நின்றுவிடும். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் மதிப்பை மட்டும் பார்க்காதீர்கள். 'வி$எஸ்பிபாராமீட்டர்' வியூவில் 'இஸ்ஸ்பெசிஃபைடு' பத்தி 'ட்ரூ' என்றால் கைப்பட வைத்தது. மெமரியில் மட்டும் மாற்றியிருந்தால் 'வி$பாராமீட்டர்' வியூவின் 'இஸ்மாடிஃபைடு' காட்டிக்கொடுக்கும்.

படி 3: கைப்பட பூஜ்யம் வைத்திருந்தால், உடனடி நிவாரணத்துக்கு 'ஆல்டர் சிஸ்டம்' மூலம் அந்தப் பாராமீட்டரை 1 ஆக வையுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். பெரிய எண் தேவையே இல்லை. நிரந்தரத் தீர்வு, பாராமீட்டர்கள் சேமித்திருக்கும் கோப்பான எஸ்பிஃபைலில் அந்த வரியை 'ரீசெட்' செய்வது. இது அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் அமலாகும்.

படி 4: 30 விநாடி 'டிலே' வைத்து ஒரு மெசேஜ் போடுங்கள். கமிட் மறக்க வேண்டாம். 'ஏக்யூ$' என்று தொடங்கி க்யூ டேபிளின் (மெசேஜ்கள் சேமிக்கப்படும் டேபிள்) பெயரோடு வரும் வியூவில், மெசேஜின் நிலையைக் காட்டும் 'எம்எஸ்ஜி_ஸ்டேட்' பாருங்கள். சில நிமிடம் கழித்தும் 'வெயிட்' என்றிருந்தால் படி 2க்கே திரும்புங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியான பிறகும் க்யூ டேபிள் வீங்கினால், எக்ஸெப்ஷன் க்யூவைப் பாருங்கள். அங்கே போனவை தானாக அழியாது. அந்த க்யூவில் டீக்யூ அடைத்தே இருக்கும். 'ஸ்டார்ட்_க்யூ'வில் என்க்யூவை 'ஃபால்ஸ்', டீக்யூவை 'ட்ரூ' ஆக்கித் திறந்து எடுங்கள். க்யூ டேபிளில் நேரடி 'டெலீட்' மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே மெசேஜைப் பலர் எடுக்கும் பல நுகர்வோர் க்யூவில் துணை டேபிள்களோடு கணக்கு ஒட்டாமல் போய்விடும். அழிக்க 'பர்ஜ்_க்யூ_டேபிள்' இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.