முந்தைய கண்ணி உருவிக்கொண்டே போனால்

இலங்கை மலையகத்து ஹட்டனில், பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்காவுக்குக் கொக்கி விரிப்பு பின்னச் சொல்லிக்கொடுக்கப் போய் நாலு நாள் வீண். சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்கின் துளைகள் வழியே, அடியில் ஒரு கை பிடித்திருக்கும் துணிக் கீற்றைக் கொக்கியால் சின்னச் சின்ன வளையங்களாக, அதாவது கண்ணிகளாக, மேலே இழுத்துச் செய்வது அது. புதுக் கண்ணியை மேலே இழுத்தால் முந்தியது சாக்குக்குள் மறைந்துவிடும். சாக்கை மாற்றினோம், கொக்கியை மாற்றினோம். பழைய சுவெட்டர் கீற்றுகளைக் கால் அங்குலத்துக்கு அகலமாக்கியும் பார்த்தோம். ம்ஹூம்.

சட்டத்துக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்த பிறகுதான் புரிந்தது: சாக்குக்கு அடியில் மறைந்திருந்த அக்காவின் கை கீற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழிருந்து துணி வராததால் முந்தைய கண்ணியிலிருந்தே உருவிக்கொண்டது. (இந்த வேலையில் முடிச்சே கிடையாது, கண்ணிகளின் நெருக்கம்தான் பிடிப்பு.)

விரல்களைத் துளையை ஒட்டி வைத்து, கீற்றைத் தளர்வாக ஓடவிடச் சொன்னேன். இழுக்கும்போது கொக்கியை முந்தைய கண்ணிப் பக்கம் லேசாகச் சாய்க்கவும் சொன்னேன். மாலைக்குள் ஒரு வரிசை முழுதும் கழன்றுபோகாமல் நின்றது. அப்பாடா!