இசை சிகிச்சையை இணையத்தில் எடுத்துச் சொல்வது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

இசை சிகிச்சை பற்றி நான் முதன்முதலில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய செய்தி, பத்து நாள் கழித்து என் சித்தப்பாவிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. அதில் என் பெயர் இல்லை. அதன் அடியில், ஆனந்தபைரவி ராகம் கேட்டால் இரத்த அழுத்தம் குறையும், மாத்திரையே தேவையில்லை என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். குழு தொடங்குவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு கருத்தைத் தேர்ந்தெடுங்கள். இசை கேட்பது வேறு, இசை சிகிச்சை வேறு என்பதே என் தேர்வு. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, இலக்கு வகுத்து, முன்னேற்றத்தை அளந்து செய்வதுதான் சிகிச்சை. "இதற்கெல்லாம் படிப்பு உண்டா?" என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944-லேயே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது என்ற ஒரு வரி போதும்.

இரண்டாம் படி: கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலருக்கு ஒரு சொல்கூட வராது. ஆனால், பழகிய பாட்டின் வரி வரும். இதை அடிப்படையாகக் கொண்டு 1973-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ஒரு முறையில், நோயாளியின் இடக்கையை அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே, 'தண்-ணி-வே-ணும்' என்பதைப் போன்ற அன்றாடத் தொடரை இரண்டே சுரங்களில் மெதுவாக இசைத்துச் சொல்லவைத்து, பின்னர் படிப்படியாக இசையைக் குறைத்து இயல்பான பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். இதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்தபோது கிடைத்த கவனம், நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் கிடைத்ததில்லை.

மூன்றாம் படி: பதிவு செய்தல். நோயாளிகளைப் படம் பிடிக்காதீர்கள். குடும்பத்தார் ஒப்புக்கொண்டாலும், சொல்ல முடியாத நிலையில் உள்ளவரின் சம்மதம் கேள்விக்குரியதே. நானும் என் தோழியும் எங்கள் கைகளை மட்டுமே காட்டினோம். பின்னணியில் திரைப்பாடல் வேண்டாம். யூடியூப் உடனே உரிமைக் கோரிக்கை அனுப்பும். தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமை இல்லையே என்று நினைத்து நானும் ஏமாந்தேன். கீர்த்தனை பொதுச்சொத்து, ஆனால், அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆகவே, சொந்தக் குரலும் ஒரு சுருதிப் பெட்டியும் போதும்.

நான்காம் படி: பரப்புதல். என்னை இடறிவிட்டது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 200 பேரைச் சேர்த்து அனுப்பினேன். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பதில் வந்தது. உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பது ஒரு மாதம் கழித்தே எனக்குப் புரிந்தது. அத்துடன், பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். எனவே, வாட்ஸ்அப் சேனல் ஒன்றைத் தொடங்கி, அதன் இணைப்பைக் காணொளியிலேயே எழுத்தாகப் பதித்துவிடுங்கள். தனியாக எழுதும் வரியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து மாற்றிவிடலாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. முகநூல் குழுக்கள் எனக்கு உகந்தவையாகத் தோன்றவில்லை. அங்கே விவாதம் ராகத்தின் பெருமைக்குத் தாவிவிடுகிறது.

பின்சேர்க்கை: இதை வெளியிட்ட பிறகு வந்த கருத்துகளில் பாதிக்கு மேல், "சர்க்கரை நோய்க்கு எந்த ராகம்?" என்ற கேள்விதான். ராகப் பட்டியல் கொடுப்பதில்லை என்று ஒரே பதிலை எழுதி மேலே பொருத்தி வைத்துவிட்டேன். மருந்தோ மந்திரமோ சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது என்பதையும் அதில் நினைவூட்டியிருக்கிறேன்.

இன்னொரு வாசகர், காணொளியைப் பார்த்தபின் யாரிடம் போவது என்றே சொல்லவில்லையே என்று கேட்டார், நியாயமான குறை. ஆகவே, இப்போது ஒவ்வொரு பதிவின் முடிவிலும், சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சேர்க்கிறேன்: எங்கே பயிற்சி பெற்றீர்கள், என் அம்மாவுக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்?