நாஞ்சில் நாட்டுப் பழைய ஊரை நடந்து பார்க்கும் முறை

பழைய ஊரைப் பார்க்கப் போனால் கோயில் வாசலில் தொடங்காதீர்கள். குளக்கரையில் தொடங்குங்கள். வீடுகள் மேட்டிலும் வயல்கள் கரைக்குக் கீழும் ஏன் இருக்கின்றன என்பது அங்கிருந்து பார்த்தால்தான் புரியும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம், தேரூர்ப் பக்கம் இது நன்றாகத் தெரியும்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த பிறகு போவது நல்லது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நின்று குளம் வற்றத் தொடங்கியிருக்கும்; மற்ற மாதங்களில் முழுகிக் கிடக்கும் மடைத்தூண்கள் வெளியே வரும். இன்னொரு நெல் பருவமான கன்னிப்பூவின் நடவு நேரத்தில் வரப்பில் நடக்கவே கூடாது. ஈர வரப்பு மிதிபட்டு உடைந்தால் ஒருவர் வயல் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.

குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாய், வெளியேறும் மடை, மிச்சம் வழியும் மறுகால் மூன்றையும் முதலில் கண்டுபிடியுங்கள். மடை திறந்திருந்தால் உட்பக்கம் இறங்க வேண்டாம், தண்ணீர் உள்ளே இழுக்கும். கரையில் வயதானவர் யாராவது இருந்தால், "பாட்டா, இந்த மடைத் தண்ணி எந்த வயல் வரைக்கும் பாயும்?" என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாததை அவர் கை நீட்டிக் காட்டிவிடுவார்.

அடுத்தது கல்வெட்டு. மடைத்தூண், சுமைதாங்கி, கிணற்றுச் சுவர், மண்டபத் தூணின் அடிப்பகுதி என்று எல்லாவற்றையும் பாருங்கள். சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்கக் கூடாது. அது எழுத்துப் பள்ளத்தில் தங்கிக் கல்லைக் கெடுக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தாலே போதும். நிழலான இடத்தில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

அதிகம் பேர் தவறுவது ஆண்டில். இது திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த மண். பல கற்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 1015 என்று கண்டவுடன் சோழர் காலம் என்று எழுதிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். கி.பி. ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழி வரையான மாதம் என்றால் 824 கூட்டுங்கள், தை முதல் ஆடி வரை 825. மார்கழியின் பின்பாதி மட்டும் ஜனவரியில் விழும், அதற்கும் 825. ஆக 1015 ஐப்பசி என்பது கி.பி. 1839. கணக்கு சரியா என்று பார்க்க, திருவிதாங்கூரின் பெருவெள்ளமான 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' உதவும்: 1099 ஆடியில் வந்தது, 1924 ஜூலை.

தமிழ் எண்ணில் வெட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ௧ என்பது க போலவும் ௰ என்பது ய போலவும் இருப்பதால் எண்ணைச் சொல்லோடு சேர்த்துப் படித்துவிடுவோம். ௲௰௫ என்றால் 1015. 'கொல்லம்' என்ற சொல்லை முதலில் தேடுங்கள், எண் அதையொட்டியே இருக்கும். மாதம் சிதைந்திருந்தால் ஊகிக்காமல் 1839–40 என்று இரண்டு ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.