சட்டை எடுக்கும்போது தோளைப் பாருங்கள்

ஆபீஸ் சட்டை எடுக்கும்போது தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்காருகிறதா, மேல் பட்டனைப் போட்டபின் காலருக்குள் இரண்டு விரல் நுழைகிறதா, இந்த இரண்டும் சரியென்றால் இடுப்பு தொளதொளவென்று இருந்தாலும் தைரியமாக எடுத்துவிடலாம். பக்கத் தையலைப் பிடித்துக் கொடுப்பது தெருமுனை டெய்லருக்குச் சின்ன வேலை, ஆனால் தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையையே பிரித்து மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். வெள்ளையும் வெளிர் நீலமும் முதலில் எடுங்கள், எந்தப் பேன்ட்டுக்கும் போகும்.

காட்டன் என்றால் ஒருமுறை துவைத்துவிட்டு அப்புறம் ஆல்டர் செய்யக் கொடுங்கள், சுருங்கும். வயிற்றுப் பக்கம் பட்டனுக்கு நடுவே இழுத்துக்கொண்டு பிளக்கிற சட்டைக்கு இதெல்லாம் சரிவராது, ரெடிமேடில் பிரித்துவிட உள்ளே துணியே இருக்காது.