ஜாம் ஆன பழைய மாடல் விமான இன்ஜினைச் சுற்ற வைப்பது எப்படி?

குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. ஒடிந்த பால்சா இறக்கை, சர்வோ, ரப்பர் சக்கரம் என்று கலந்துகட்டிப் போட்டிருந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு எனியா 15 கிடந்தது. விமான மாடலில் பூட்டும் சின்ன ஜப்பான் இன்ஜின், சுமார் 2.5 சிசி. தண்டைச் சுழற்றிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. "அது செத்துப்போச்சு சார், பேப்பர் வெயிட்டா வெச்சுக்கங்க" என்றார் கடைக்காரர்.

பெரும்பாலும் இவை சாவதில்லை. இது க்ளோ இன்ஜின், அதாவது பிளக்கில் கனலும் கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பது. இதன் எரிபொருளில் மெத்தனாலோடு விளக்கெண்ணெய் கலப்பார்கள். குழந்தைக்கு வயிறு சுத்தமாகக் கொடுப்போமே, அதேதான். மெத்தனால் ஆவியாகிப் போகும். எண்ணெய் மட்டும் தங்கி, வருஷக்கணக்கில் இறுகிப் பிசினாகிவிடும். பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பிசின்தான்.

1. பலம் காட்டாதீர்கள்

நான் முதலில் வாங்கிய இன்ஜினைக் குறடு போட்டுத் திருப்பினேன். கனெக்டிங் ராடு வளைந்தது, கதை முடிந்தது. எக்ஸாஸ்ட் துவாரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு பிஸ்டனை நெம்புவதும் கூடாது. லைனரில், அதாவது பிஸ்டன் ஓடும் உள்குழாயில், ஒரு கீறல் விழுந்தால் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) திரும்பாது.

2. கழற்றிப் பாருங்கள்

க்ளோ பிளக்கைக் கழற்றுங்கள். நீடில் வால்வு (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு), பின்பக்க மூடி, பிளாஸ்டிக், ரப்பர் எது இருந்தாலும் அதுவும் வெளியே வரட்டும். ஸ்க்ரூ வர மறுத்தால் விட்டுவிடுங்கள், சூடு பட்டதும் வரும். இப்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடலைமிட்டாய்ப் பாகு நிறத்தில் பளபளத்தால் நல்ல செய்தி, அது எண்ணெய்ப் பிசின். செங்கல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தால் துரு. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் மலை மூட்டமும் சேர்ந்தால் தண்டைத் தாங்கும் பால் பேரிங்தான் முதலில் போகும். பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம். லைனரைத் துரு தின்றிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

3. சூடு

வேலையே இதுதான். ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ எடுத்து சிலிண்டரைச் சுற்றிலும் காட்டுங்கள். இரண்டும் இல்லையா? சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் வெந்நீர் போதும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் இங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பிசின் இளக அது தாராளம். இன்ஜினை இறக்கிவிட்டு ஒரு காபி போட்டுக் குடியுங்கள். எடுத்த உடனே ஈரத்தை ஊதிக் காயவைத்து, பிளக் துவாரத்திலும் எக்ஸாஸ்டிலும் மெல்லிய மெஷின் ஆயில் நாலு சொட்டு விடுங்கள்.

கை பொறுக்கும் சூட்டில் ப்ரொப்பெல்லரை மாட்டி, நடுப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றக் கூடாது, ஆட்ட மட்டும்தான். என்னுடையது மூன்றாம் முறை சூடாக்கியபோது தொட்டில் மாதிரி மெல்ல ஆடியது. அப்புறம் எக்ஸாஸ்ட் வழியாகக் கறுப்பு எண்ணெய் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. ஆறினால் மறுபடி இறுகும். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். முழுச் சுற்று வருவதற்கு எனக்கு ஒரு சாயங்காலமே போனது.

4. கழுவுதல்

நன்றாக ஆறிய பிறகு, அடுப்பு, நெருப்பு எதுவும் இல்லாத திறந்த இடத்தில் தின்னரில் ஊறவையுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். லைனருக்கு உப்புத்தாள் ஆகாது. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

5. சோதனை

பிளக்குக்கு 1.5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். கம்பிச் சுருள் ஆரஞ்சாகக் கனன்றால் சரி. பூட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினால் மேல் முனையில் பிஸ்டன் கையை எதிர்த்துத் துள்ள வேண்டும்.

ஓட்டும்போது ஒன்று கவனம்: மலையில் காற்று அடர்த்தி குறைவு. சமவெளிக்காரர் சொன்ன நீடில் அளவை அப்படியே வைத்தால் எரிபொருள் அதிகமாகிப் புகைந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, ஜாக்கிரதை.

ஓட்டி முடித்ததும் மிச்ச எரிபொருளைக் காலி செய்து, உள்ளே எண்ணெய் விட்டு, புது ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.